ஓரிரு இடங்களில் லேசான மழை

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



ஆண்டு மலருக்குப் பாடக் கட்டுரை ஒன்று எழுதித் தா என்று சங்கத் தோழர்கள் கேட்டபோது, கான்கிரீட், பாலம், சர்வே என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீரியல் பாடத்தில் மழைமானிக்குப் படம் போட்டு மார்க் வாங்கிய நாம் யாருமே, அந்த மழைமானி சொல்லும் எண்ணை யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று யோசித்ததில்லை. எனக்கு அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்து வந்தது. அதுவும் நான் ஒரு தப்புச் செய்த பிறகு வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் கட்டம் கட்டமாகத் தண்ணீர், இடையிடையே வெள்ளைக் குவியல். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். தமிழ்நாட்டில் உப்பு என்றால் தூத்துக்குடி, வேதாரண்யம், அதற்கடுத்து எங்கள் ஊர். அப்பா ஒருவரிடமிருந்து சில பாத்திகளை எடுத்துச் செய்கிறார். அம்மா வேறு அளங்களில் கூலிக்கு உப்பு வாரவும் சுமக்கவும் போகிறார்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம். பாத்தியில் உப்பு நன்றாக இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் பரல் பெரிதாகும், எடை நிற்கும் என்பது அப்பாவின் கணக்கு. சாப்பிடும்போது, "போன்ல பாத்துச் சொல்லு, மழ வருமா?" என்றார். பார்த்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்று இருந்தது. ஓரிரு இடம்தானே, அதுவும் லேசானதுதானே! "பெரிசா ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான். "புள்ள படிக்குது, அது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பக்கத்துப் பாத்திக்காரரிடமும் சொல்லியிருக்கிறார். அவரும் வாராமல் விட்டுவிட்டார். அன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு மேற்கே மின்னி, இரண்டு மணிக்கு இறங்கியது. அரை மணி நேரம்கூடப் பெய்திருக்காது. ஒரு சென்டிமீட்டர் அளவுதான் என்று மறுநாள் தெரிந்தது. ஊருக்குள் தெருப் புழுதி அடங்கியதோடு சரி. அளத்தில் மட்டும் ஒன்பது, பத்து நாள் உழைப்பு போயிற்று. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆனால் செய்தி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓரிரு இடங்களில் பெய்தது, அதில் ஒன்று நம்ம இடம். லேசாகத்தான் பெய்தது. அப்படியானால் தவறு எங்கே?

ஒரு சென்டிமீட்டர் மழை என்ன செய்யும்?

கடல் தண்ணீரின் அடர்த்தி போமே கணக்கில் சுமார் 3 டிகிரி. அதை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்றவைக்க வேண்டும். 25 டிகிரி வந்தால்தான் சாப்பாட்டு உப்பு படிய ஆரம்பிக்கும். பத்துக் குடம் கடல் தண்ணீர் வற்றி ஏறக்குறைய ஒரு குடமாக நிற்கும்போதுதான் முதல் பரல் கண்ணில் படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மிச்சத் தண்ணீரில் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும். அதை வடித்துவிட வேண்டும். ஆக, இத்தனை நாள் பாடும் 25-க்கும் 29-க்கும் இடையில் உள்ள நாலு டிகிரிக்காகத்தான்.

இப்போது அந்தப் பாத்தியில் 10 மி.மீ. மழை விழுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர் நல்ல தண்ணீர். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கும். அப்படியானால் சதுர மீட்டருக்கு 3.6 கிலோ. 20 மீட்டருக்கு 10 மீட்டர் பாத்தி என்றால் 720 கிலோ வரை கரைந்து போகலாம். அது மட்டுமா? நல்ல வெயிலிலேயே ஒரு நாளைக்கு 5, 6 மி.மீ. தண்ணீர்தான் ஆவியாகும், அடர்ந்த உப்புத் தண்ணீரில் அதைவிடக் குறைவு. விழுந்த மழையை மட்டும் திருப்பி அனுப்பவே இரண்டு நாள் வேண்டும். அதற்குள் இன்னொரு மழை வந்தால்?

இதில் அப்பா சொன்ன ஒரு விஷயம் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. மழைத் தண்ணீர் உடனே கலந்துவிடாது, மேலாகவே நிற்குமாம். எடை குறைவான நல்ல தண்ணீர் மேலே, அடர்ந்த தண்ணீர் கீழே. நம் பாடப்படி பார்த்தாலும் அதுதான் சரி: 25 டிகிரி தண்ணீரின் ஒப்படர்த்தி 1.2. "காத்து இல்லாம இருந்தா விடியறதுக்குள்ள மேல்தண்ணிய வெட்டி விட்டுடலாம், பாதி உப்பு தப்பிக்கும். காத்தடிச்சா கலக்கிடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். ஆக, மழை வருமா என்பதோடு, மழைக்குப் பின் காற்று எப்படி என்பதும் உப்பளத்துக்குத் தெரிய வேண்டும்.

சொல்லுக்குள் இருக்கும் கணக்கு

அந்தத் தப்புக்குப் பிறகு வானிலைச் செய்தியில் வரும் சொற்களுக்கு என்ன பொருள் என்று தேடிப் படித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் திட்டமான அளவு இருக்கிறது. 'ஓரிரு இடங்கள்' என்றால் அந்தப் பகுதியின் மழை நிலையங்களில் 25 சதவீதம் வரை, 'சில இடங்கள்' என்றால் 26 முதல் 50 வரை; அதற்கு மேலும் இரண்டு படிகள் உண்டு. மழை அளவிலும் அப்படியே. லேசான மழை என்பது 24 மணி நேரத்தில் 15.5 மி.மீ. வரை. மிதமானது 15.6 முதல் 64.4 வரை. கனமழை 64.5-இல்தான் தொடங்குகிறது.

பார்த்தீர்களா? இந்தப் படிகள் ஏரி உடையுமா, தெருவில் தண்ணீர் நிற்குமா, பள்ளிக்கு விடுமுறை விடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு மிகவும் பொருந்தும். நெல் போட்டவருக்கு லேசான மழை வரம். உப்பளத்துக்கோ பாத்தியில் உள்ளதை அழிக்க லேசான மழையே போதும். எங்கள் அளவுகோலில் கனமழை என்பது 5 மி.மீ.

'ஓரிரு இடம்' என்பதையும் யோசியுங்கள். விழுப்புரம் மாவட்டம் செஞ்சி மலையிலிருந்து எங்கள் கடல்வரை நீள்கிறது. சாலை வழியே அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஜூலை முதல் செப்டம்பர் வரை எங்களுக்கு வரும் மழை பெரும்பாலும் மேற்கே உருவாகி ராத்திரியில் கடலை நோக்கி நகரும் இடிமழை. திண்டிவனத்தில் ஊற்றும், முருக்கேரியில் தூறும், மரக்காணத்தில் நட்சத்திரம் தெரியும். அடுத்த நாள் அப்படியே தலைகீழ். இந்த மாதிரி மழையை இந்தப் பாத்தியில் இத்தனை மணிக்கு என்று மூன்று நாள் முன்னால் சொல்ல இன்று யாராலும் முடியாது. ராடார் படத்தில் மேகத்தைப் பார்த்த பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் ஓரளவு சொல்லலாம். சென்னையில் 2002 முதல் டாப்ளர் ராடார் இருக்கிறது, அதன் பார்வைக்குள்தான் நாமும் இருக்கிறோம்.

அப்படியானால் கணிப்பால் பயனே இல்லையா? உண்டு. இங்கே ஒரு சின்னக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான். இன்றே ஆள் விட்டு வாரிவிட்டால் கூலியும், பரல் சிறுத்த நஷ்டமும் சேர்ந்து 2,000 ரூபாய் என்று வையுங்கள். வாராமல் விட்டு மழை பெய்தால் 8,000 ரூபாய் போகிறது. இரண்டாயிரத்தை எட்டாயிரத்தால் வகுத்தால் கால் பங்கு. மழைக்கு 25 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்றால் வாருவதுதான் லாபம், குறைந்தால் விடுவது லாபம். இதைச் செலவு–இழப்பு விகிதம் என்பார்கள். இந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். குடை எடுத்துப் போவதா என்று யோசிக்கிறவருக்கு 25 சதவீதம் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு அதுதான் எல்லைக்கோடு. அன்றைக்கு நான் 'ஒண்ணும் இல்ல' என்று சொன்னது என் விகிதத்தை வைத்து!

பக்கத்து ஊர்ப் பாடம்

வானிலைத் தகவலைப் பயன்படுத்துகிறவர்களோடு சேர்ந்தே உருவாக்குவது என்பதைப் பெரிய பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். 2009-இல் ஜெனீவாவில் நடந்த மூன்றாம் உலகக் காலநிலை மாநாட்டில் இதற்காக ஓர் உலகளாவிய ஏற்பாடே முடிவானது. அதன் ஐந்து அங்கங்களில் ஒன்று, பயன்படுத்துகிறவரும் தயாரிக்கிறவரும் சந்திக்கும் மேடை. அதற்கும் முன்னால், ஆப்பிரிக்காவில் மாலி நாடு வறட்சியில் அடிபட்ட பின் 1982-இல் விவசாயிகளின் கையிலேயே மழைமானியைக் கொடுத்து, அவர்கள் அளவையும் சேர்த்து, விதைக்கலாமா பொறுக்கலாமா என்று உள்ளூர் மொழிகளில் ரேடியோவில் சொல்ல ஆரம்பித்தது. ஆனால் நமக்கு மாலி வரை போக வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அதற்குத் தெற்கே வீராம்பட்டினம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகவில்லை. இந்த ஊரில் யார் யாரிடம் என்ன தகவல் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரித்தார்கள். இடம் ஊர் கொடுக்க வேண்டும், நடத்துகிறவர்கள் ஊர்க்காரர்கள், அவர்களில் பெண்கள் பலர். எந்தச் சாதிக்காரரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது நாளைக் காலை கடலில் அலை எவ்வளவு உயரம் என்ற ஒன்றுதான். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்டுவந்த அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் பேசிப் பதிவு செய்து, கடற்கரையில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். எங்கேயோ கப்பற்படைக்காகப் போட்ட கணக்கு, கட்டுமரத்தை இறக்கலாமா வேண்டாமா என்பதற்குப் பதிலானது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும்.

இதன் அருமை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. வீராம்பட்டினத்துக்குத் தெற்கே நல்லவாடு. அந்த ஊர் மையத்தில் முன்பு வேலை செய்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். டிவியில் சுனாமிச் செய்தி பார்த்ததும் ஊருக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின, 3,600 பேருக்கு மேல் இருந்த ஊரில் உயிர் போகவில்லை. நான் இதில் பார்ப்பது என்னவென்றால், அந்த ஒலிபெருக்கி தினமும் பேசிப் பழகிய ஒலிபெருக்கி. அதில் வரும் குரலைக் கேட்டுக் காரியம் செய்து ஊருக்குப் பழக்கம். ஆபத்துக்கு மட்டும் என்று ஒரு சைரனை வாங்கிப் பூட்டி வைத்திருந்தால், அன்று காலை அது சத்தம் போட்டிருந்தாலும் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்?

பிறகு இந்தப் பக்கம் நிறைய வளர்ந்தது. ஐதராபாத்தில் 1999-இல் தொடங்கிய கடல்சார் தகவல் மையம் (சுருக்கமாக இன்காய்ஸ்) நம் கடலுக்கே அலை, காற்று, மீன் கிடைக்கும் இடம் எல்லாம் தருகிறது. பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' என்று மீனவர்களுக்கென்றே சமுதாய வானொலி. ஆனாலும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. செல்போன் கோபுரம் கரைக்குப் பக்கத்தில் மட்டும்தானே. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் வந்தன. திருவனந்தபுரம் பக்கம் மீனவர்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, கணிப்பு சொன்னதையும் கடலில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தும் வேலையும் நடந்திருக்கிறது.

மீனவருக்கு அலை உயரம் வந்துவிட்டது. விவசாயிக்கு வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், பயிருக்கு என்ன செய்ய வேண்டும் என்று வேளாண் வானிலை அறிவிப்பு வருகிறது. உப்பளத்துக்கென்று ஒன்று எங்கள் கைக்கு வந்ததில்லை. நாம் இன்னதுதான் வேண்டும் என்று கேட்டதுமில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அம்மா கேட்டது வேறு

சரி, கேட்போம், என்ன வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்வோம் என நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் உட்கார்ந்தேன். அவர் சொன்னது தெளிவாக இருந்தது. வாருவது என்றால் ஆள் சேர்க்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் தெரிய வேண்டும். அடர்ந்த தண்ணீரை ஆழப் பள்ளத்துக்கு மோட்டார் வைத்து இறைத்துப் பத்திரப்படுத்த அரை நாள் போதும். வாரிக் குவித்த அம்பாரத்தைக் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூட இரண்டு மணி நேரம். ஆக ஒரே மழைக்கு மூன்று செய்தி வேண்டும், மூன்று நேரத்தில். மூன்று நாள் முன்னால் 'வரலாம்', முந்தின நாள் 'அனேகமாக', ராடாரில் தெரிந்ததும் 'ஓடு'.

மூன்றாவதற்கு அவரிடமே ஒரு கருவி இருக்கிறது. மேற்கே மின்னல் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில், காற்று சட்டென்று நின்றதா என்று பார்த்தே சொல்வார். மூன்று நாள் கணிப்பு அவரிடம் இல்லை. போனில் அது இருக்கிறது, ஆனால் மின்னல் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. யார் பெரியவர் என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

அவ்வளவுதான் என்று நோட்டை மூடப் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "என்னக் கேக்கவே இல்லியே?" என்றார்.

அம்மாவுக்கு உப்பு கரைவது நஷ்டமில்லை, உப்பு அவருடையது இல்லையே. அவர் விடிவதற்கு முன், மூன்று மூன்றரை மணிக்கு எழுந்து போகிறவர். போன பிறகு மழை பிடித்தால் திரும்பி வர வேண்டும், அன்றைக்குக் கூலி கிடையாது. வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்றாலும் முடியாது, நூறு நாள் வேலைக்கும் கொத்து வேலைக்கும் முந்தின ராத்திரியே சொல்லியிருக்க வேண்டும். "மழ எத்தன மில்லின்னு எனக்கு எதுக்கு? ராத்திரி எட்டு மணிக்குள்ள, நாளைக்கு அளத்துக்குப் போலாமா வேணாமான்னு சொல்லு. மதியம் வர தாங்குமான்னு சொல்லு. அது போதும்."

ஒரே வீடு, ஒரே மழை, ஆனால் கேள்வி இரண்டு. பயன்படுத்துகிறவர் என்று ஒருமையில் சொல்லிவிடுகிறோம். அளத்தை எடுத்துச் செய்கிறவர் ஒருவர், கூலிக்கு வருகிறவர் ஒருவர், லாரியில் ஏற்றுகிறவர் இன்னொருவர். போன் வைத்திருக்கிறவரை மட்டும் கேட்டு ஒரு சேவையை உண்டாக்கினால் அது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத்தான் ஆகும். கூலி வேலையில் பெண்கள்தான் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டீக்கடைப் பலகை

இந்த வருஷம் ஏப்ரல், மே விடுமுறையில் எங்கள் ஊர்ப் பக்க நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து அளத்துக்குப் போகும் வழியில் உள்ள டீக்கடையில் ஒரு கரும்பலகை மாட்டினோம். கடைக்காரர் இடம் கொடுத்தார், சாக்பீஸ் மட்டும் எங்கள் செலவு. மாலை ஏழு மணிக்கு எழுதுவோம். முதல் வாரம் நான் எழுதியதைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, யாரும் படிக்கவே இல்லை! '30 சதவீத வாய்ப்பு' என்று எழுதியிருந்தேன். ஒரு பெரியவர், "முப்பது பைசா மழையா தம்பி?" என்று கேலி செய்தார்.

வழி சொன்னது அம்மாதான். "பத்து வட்டம் போடு. மூணுல கரி பூசு." அப்படியே செய்தோம். இப்படி மூன்று வட்டம் கறுத்திருக்கும் பத்து நாளில் மூன்று நாள் மழை பிடிக்கும், ஏழு நாள் பிடிக்காது என்று கடைக்காரர் வருகிறவர்களுக்குச் சொல்வார். படிக்கத் தெரியாதவர்களும் எட்ட நின்றே எண்ணிக்கொண்டு போனார்கள். கீழே இரண்டே வரி: விடியல் வேலை, மதியத்துக்கு மேல். காற்று எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி.

இன்னொன்றை அப்பா பிடிவாதமாகச் செய்ய வைத்தார். நேற்றுச் சொன்னது என்ன, நடந்தது என்ன என்று பலகையின் ஓரத்தில் எழுத வேண்டும். தப்பாயிருந்தால் தப்பு என்றே எழுத வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தப்பை நாங்களே எழுதிய பிறகுதான் ஆட்கள் பலகைக்கு முன்னால் நின்று வாதாட ஆரம்பித்தார்கள். "கந்தாட்டுல பேஞ்சுது, நீ பெய்யலன்னு போட்டிருக்க" என்று ஒருவர். "அனுமந்தையில அஞ்சு நிமிஷம்" என்று ஒருவர். எங்களுக்கு அளவு எடுக்க ஆட்கள் கிடைத்தது இப்படித்தான்.

தப்பை ஒத்துக்கொள்வது ஏன் முக்கியம் என்பதற்கு ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 28 அன்று, அது வலுவிழந்து காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கலாம் என்ற கணிப்பு இருந்தது. 29 மதியம் புயலாகிவிட்டது. 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அப்படியே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல், மயிலத்திலும் அதற்குக் குறையாமல். எங்கள் பக்கம் மழைக்காலத்து விலைக்காகக் குவித்து வைத்திருந்த அம்பாரங்கள் கரைந்தன, வரப்பு போயிற்று, பாத்தியெல்லாம் சேறு. புயல் கடலில் இருக்கும்போது கணிப்பு மாறுவது விஞ்ஞானத்தில் இயல்புதான். ஆனால் ஊரில் 'புயல் இல்லன்னாங்க' என்ற ஒரு வரி மட்டும் நின்றுவிட்டது. வாய்ப்பு குறைந்தது என்று சொன்னதை, இல்லை என்று சொன்னதாகக் கேட்டுக்கொண்டார்கள். நான் ஆகஸ்டில் செய்த அதே தப்பு. பத்து வட்டத்தில் இரண்டு கறுத்திருந்தால் அந்த இரண்டு கண்ணில் பட்டிருக்கும் அல்லவா?

இதுவரை சொன்னது நாளை, நாளை மறுநாள் பற்றி. அது வானிலை. காலநிலை என்பது பல வருஷத்துக் கணக்கு, அதற்கும் அளத்தில் வேலை உண்டு. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும், ஒரு வாரம் முன்னே பின்னே. கடைசி வாரலை எப்போது முடிப்பது, பொங்கலுக்குப் பின் எப்போது தரையை மிதித்துத் தயார் செய்வது, மே மாதக் கோடை மழைக்கு எத்தனை நாள் ஒதுக்குவது எல்லாம் பழைய மழைக் கணக்கைப் பார்த்தால் தெரியும். மரக்காணத்தில் மழை அளவு எடுக்கப்படுகிறது. அந்த முப்பது, நாற்பது வருஷத்து எண்களை 5 மி.மீ. என்ற எங்கள் கோட்டை வைத்து யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும். மார்ச் முதல் செப்டம்பர் வரை 5 மி.மீ. தாண்டிய நாட்கள் எந்தெந்த வாரத்தில் அதிகம்? கால்குலேட்டரும் பொறுமையும் இருந்தால் நம் வகுப்பில் யாரும் செய்யக்கூடிய வேலை. மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்கு இதைத்தான் கேட்கப் போகிறேன்.

கல்லூரி திறந்ததும் பலகை எழுதுவது தடுமாறுகிறது. வாரநாட்களில் கடைக்காரரின் மகள், ஒன்பதாவது படிக்கிறது, நாங்கள் போனில் சொல்லச் சொல்ல வட்டம் போடுகிறது. அனுமந்தை, கூனிமேடு, கந்தாடு, முருக்கேரி பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் உங்கள் வீட்டு மொட்டை மாடியிலோ கொல்லையிலோ ஒரு மழைமானி வைத்தால் போதும். சைமன்ஸ் மழைமானி, 127 மி.மீ. வாய், எல்லாம் பரீட்சைக்கு. நமக்கு நேர்ச்சுவர் உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும், இடுப்பு வைத்த கூல்டிரிங்க் பாட்டில் ஆகாது. அடியில் ஒரு கல் போட்டு, அந்தக் கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் சுழி என்று கோடு போட்டு, அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டுங்கள். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி வையுங்கள். காலை 8.30 மணிக்குப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, சுழிக்கோடு வரை மட்டும் தண்ணீர் நிற்கும்படி சரிசெய்துவிடுங்கள். மழை இல்லாவிட்டால் சுழி என்று எழுத வேண்டும், விட்டுவிடக் கூடாது. நோட்டு டீக்கடையில் தொங்குகிறது. மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பில் என்னிடம் கொடுத்தாலும் சேர்த்துவிடுவேன்.